வடக்குச் சுவர்

சோஹார், ஓமன்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி குமாரவேல் எழுதுகிறேன். நான் சௌக்கியம். இங்கே குளிர் போய்விட்டது, இனி வெயில் மண்டையைப் பிளக்கும். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வலி குறைந்ததா?

போனில் பேசுகிறவனுக்கு இதென்ன புதுக் கிறுக்கு என்று மாமா சிரிப்பார். சிரிக்கட்டும். வீட்டு வேலை தொடங்கப் போகிறோம், வேலை என்று வந்துவிட்டால் வாய்ப்பேச்சு எனக்கு ஆகாது. நம் ஊர்த் துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல் மேடை கட்டும்போது, மேலிடத்தில் ஒருவர் போனில் சொன்னதை நம்பி ஒரு தூணைத் தள்ளிப் போட்டேன். மறுநாள், "நான் எப்பப்பா சொன்னேன்?" என்றார். தூணை உடைத்தோம். அன்றிலிருந்து எனக்கு எல்லாம் எழுத்தில்தான். சைட்டில் சந்தேகம் வந்தால் எழுதிக் கேட்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் நான் எழுத்தில் பதில் தருவேன். பதில் வரும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. நம் வீட்டுக்கும் அதே சட்டம். நீ கையால் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. நானும் அப்படியே அனுப்புகிறேன்.

நான் கொத்தனாரா எஞ்சினியரா என்று மாமா எல்லார் முன்னாலும் கேட்பாரே, அவரிடம் சொல். வரைபவன் ஒருத்தன், பணம் போடுபவன் ஒருத்தன், கட்டுபவன் ஒருத்தன். மூன்று பேரும் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடிக்காமல் கட்டடம் எழும்ப வேண்டும். நடுவில் நிற்பவன்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜர்.

வரைபடம் இத்துடன் இருக்கிறது. பழைய வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டுகிறோம். தொண்டையார்பேட்டை அமீருதீன் மேஸ்திரி வருவார், நல்ல கை. தரையை நாலடி உயர்த்தியிருக்கிறேன், இனி மழைத் தண்ணீர் உள்ளே வராது. வடக்குச் சுவரில் மட்டும் கதவு, ஜன்னல் எதுவும் கிடையாது. உப்புக் காற்றும் அத்திப்பட்டு அனல் மின் நிலையச் சாம்பலும் அந்தப் பக்கமிருந்துதான் வருகின்றன.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
குமாரவேல்


காத்திவாக்கம்
16 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி குமாருக்கு,

அக்கா கன்னியம்மா எழுதுவது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்க்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

எட்டாவதோடு விட்ட பேனாவை எடுத்திருக்கிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே. வரைபடத்தைக் கெங்கம்மா வீட்டில் எல்லாரும் பார்த்தார்கள். வேலை முடியும்வரை அவர்கள் வீட்டில்தான் இருக்கப்போகிறோம். அவள் மகன் வெற்றி போனில் பெரிதாக்கிக் காட்டினான். சமையலறை அழகாக இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். பழைய வீட்டின் பின்கதவு வடக்கேதானே இருந்தது. அங்கே நின்றால் முகத்துவாரம் தெரியும். மாமாவின் படகு உள்ளே வருவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் உலை வைப்பேன். ஆற்றில் எண்ணெய் வந்ததே, அந்த வருஷம் அவர் படகு கவிழ்ந்து துண்டை ஆட்டினார். நான் அந்தக் கதவிலிருந்து பார்த்துக் கத்தியதில்தான் ஆட்கள் ஓடினார்கள். உனக்குத் தெரியும். அங்கே கதவு வைக்க முடியாதா?

மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இன்னாமே, ஒன் தம்பி கோட்ட மாரி சொவரு எழுப்புறான். கடலாண்டருந்து நம்ம மேல எவன் சண்டைக்கு வர்றான்?"

வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

அன்புடன்,
அக்கா


சோஹார்
2 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. என் பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட்டுப் பெயர் எழுதித் தருவாயே, அதே எழுத்து.

கதவு விஷயம். முடியாது அக்கா. நான் கடலோரத்திலேயே வேலை பார்க்கிறவன். உப்புக் காற்று உள்ளே புகுந்தால் கம்பியை அரித்துவிடும், பதினைந்து வருஷத்தில் கான்கிரீட் பொரிந்து கொட்டும். சாம்பல் வேறு. நீ இருமுவது எனக்கு இங்கே போனில் கேட்கிறது. படகைப் பார்க்க வேண்டுமென்றால் மொட்டை மாடிக்கு ஏறிப் பார். முகத்துவாரம் என்ன, பழவேற்காடே தெரியும்.

இங்கே கப்பல் வந்து நிற்கிற மேடை கட்டும் வேலை மும்முரம். தண்ணீருக்கு மேல் ஒருத்தன் வேலை செய்தால், இன்னொருத்தன் கரையில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஸ்டாண்ட்பை என்று பெயர். அவனுக்கு வேறு வேலையே கிடையாது. ரோஷன் என்று ஒருத்தன் இருக்கிறான், நாளெல்லாம் நிற்பான். சும்மா நிற்கிறவனுக்கு எதற்குச் சம்பளம் என்று கணக்குப் பிரிவுக்காரர்கள் அவனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் மொத்த வேலையையும் நிறுத்திவிட்டேன். மதியத்துக்குள் ரோஷன் திரும்பி வந்துவிட்டான். பார்க்க ஆள் இல்லாமல் தண்ணீர் மேல் ஒருத்தனும் ஏறக் கூடாது. மேனேஜராக இருந்து நான் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று.

படகில் ஏற்றினால் வாந்தி எடுத்தவன் கடலுக்குள் மேடை கட்டுகிறான் என்று மாமாவிடம் சொல்.

உன் தம்பி,
குமாரவேல்


காத்திவாக்கம்
20 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். நீ சுகமாக இருக்க எல்லையம்மனுக்கு வேண்டிக்கொள்கிறேன்.

சுவர்கள் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டன. அமீருதீன் மேஸ்திரி தங்கமான மனுஷன். நோன்பு மாதத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்தார். இப்போது படிக்கட்டுக்குப் பலகை அடிக்கிறார்கள்.

ரோஷன் கதையைப் படித்துக் காட்டினேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தாமே, அந்த வேலய நீ இருவத்தஞ்சு வருசமா சும்மா பாத்துகினு கீற. ஒன் தம்பியாண்ட சொல்லி சம்பளம் போட்டுக் குடுக்கச் சொல்லு." நானும் சிரித்தேன்.

மாடிக்கு ஏறலாம் என்றாய். சரி. இந்த முழங்காலோடு எத்தனை முறை ஏறுவது என்று தெரியவில்லை. பார்க்கிறேன்.

இறால் கருவாடு கொடுத்தனுப்ப ஆள் கிடைத்தால் சொல்.

அன்புடன்,
அக்கா


சோஹார்
8 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே மதியம் பன்னிரண்டரைக்கு மேல் வெளியே வேலை செய்யக் கூடாது என்று அரசு உத்தரவு. அவ்வளவு வெயில்.

வெற்றி அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். படிக்கட்டு வரைபடத்தில் தெற்கே இருக்கிறது. கட்டியிருப்பது வடக்கே. போனில் மேஸ்திரியைக் கேட்டால், "மனோகரன் அண்ணன் சொன்னாருங்க" என்று மாமாவைக் கைகாட்டுகிறார். எழுத்தில் இருக்கிறதா என்றேன். இல்லை. உடைக்கச் சொல்லிவிட்டேன். உடைத்தாயிற்று என்று நேற்று படம் வந்தது.

மாமாவுக்குக் கோபம் இருக்கும். இதைத்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன். ஆளுக்கு ஒன்று சொன்னால் கட்டடம் நிற்காது. இங்கே நாலு நாட்டு ஆட்கள் நாலு பாஷையில் பேசுகிறார்கள், அவர்களை ஒரு காகிதத்தில் கட்டிப்போட்டிருக்கிறேன். நம் வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

படியை எதற்குத் திருப்பச் சொன்னார்? சரி, இருக்கட்டும். முடிந்த விஷயம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

குமாரவேல்


காத்திவாக்கம்
24 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சௌக்கியம். உன் மூச்சிளைப்பு எப்படி இருக்கிறது? வாரமலரில் படித்தேன், துளசி போட்டு ஆவி பிடித்தால் நல்லதாம்.

மேல்தளம் போட்டாயிற்று. ஆவணி முதல் தேதி பால் காய்ச்சிவிட்டு ஒரு அறையில் இருக்கிறோம். வீடு நன்றாக இருக்கிறது தம்பி. மழை பெய்தது, ஒரு துளி உள்ளே வரவில்லை. கெங்கம்மா வந்து தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

நீ சொன்னபடி எழுத்தில் கேட்கிறேன். வடக்குச் சுவரில், சமையல் மேடைக்குப் பக்கத்தில், மூன்றடிக்கு இரண்டடி ஜன்னல் ஒன்று வேண்டும். கதவு கேட்கவில்லை. கண்ணாடி போட்டு மூடியே வைக்கிறேன், காற்று வராது, சாம்பல் வராது. பூச்சு வேலை தொடங்குவதற்கு முன்னால் சொன்னால் வேலை சுலபம் என்கிறார் மேஸ்திரி. இப்போது வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்த்தான் முகத்துவாரத்தைப் பார்க்கிறேன். ஒரே சேறு, உடைத்த கல்.

மாமா இப்போதே உடைத்துவிடலாம் என்றார். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. "எக்கா, படிய ஒடச்சதே போதும். எஞ்சினியரு எழுத்துல குட்த்தா தான் சொவத்தாண்ட கைய வெப்பேன். பேஜாராப் பூடும்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. உன் பெயர் கெடக் கூடாது.

ஒரு வாரத்தில் பதில் வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


காத்திவாக்கம்
12 அக்டோபர் 2025

அன்புத் தம்பிக்கு,

நலம். நீ படித்துவிட்டாய் என்று தெரியும், வாட்ஸப்பில் நீலக் கோடு அன்றைக்கே விழுந்துவிட்டது. மேடையை ஒப்படைக்கிற வேலை இருக்கிறது, தூக்கம்கூட இல்லை என்று போனில் சொன்னாய். ஜன்னலைப் பற்றிப் போனில் கேட்க வாய் வரை வந்தது. நீதான் எழுத்தில் என்றாயே, கேட்கவில்லை.

மேஸ்திரி எத்தனை நாள் காத்திருப்பார். வடக்குச் சுவரும் பூசியாயிற்று. உள்ளே நல்ல வெள்ளையாக இருக்கிறது.

மாமா காலையில் போகும்போது சுவரைத் தட்டிவிட்டுப் போகிறார். "இன்னாமே, தெரியுதா நானு?" என்று கேட்கிறார். விளையாட்டுத்தான். மழைக்காலம் வருகிறது, முகத்துவாரத்தில் அலை எழும்ப ஆரம்பித்துவிட்டது.

நேரம் கிடைக்கும்போது ஒரு வரி எழுது.

அக்கா


சோஹார்
14 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று மேடையை ஒப்படைத்துவிட்டோம். கையெழுத்துப் போட்டார்கள், கை குலுக்கினார்கள், கேக் வெட்டினார்கள். வந்து படுத்தவன் இன்று மதியம்தான் எழுந்தேன். எழுந்ததும் முதல் வேலை இது.

ஜன்னலுக்குச் சம்மதம். மூன்றடிக்கு இரண்டடி எதற்கு, நாலடிக்கு மூன்றடியாக வை. துருப்பிடிக்காத சட்டம் போடச் சொல். மேலே பாரம் தாங்கும் லிண்டல் போடாமல் உடைத்தால் சுவர் விரிசல் விடும், அதற்குத் தனியாக வரைந்து அனுப்பியிருக்கிறேன். மேஸ்திரியிடம் இந்தக் காகிதத்தைக் காட்டு.

மாமா ஜெயித்துவிட்டார் என்று சொல். பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறேன். அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து உன் கையால் மீன் குழம்பு சாப்பிட வேண்டும்.

தாமதத்தை மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன் தம்பி,
குமாரவேல்


சோஹார்
7 டிசம்பர் 2025

அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ சாப்பிடுகிறாயா? கெங்கம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், இரவில் துணைக்குப் படுக்கிறார்களா?

மாமாவின் முகத்தைப் பார்க்கக்கூட வர முடியவில்லை. கருமாதிக்கு வந்து நாலு நாள் இருந்தேன். எப்படி ஆயிற்று என்று கேட்டபோதெல்லாம் எல்லாரும் "காத்து" என்றார்கள். நீ "விதி" என்றாய். கேட்கக் கேட்க எனக்கு டீ கொடுத்துக்கொண்டே இருந்தாய்.

வெள்ளைச் சுவரில் நீலப் பொடியில் நூல் அடித்து, ஜன்னல் அளவுக்கு ஒரு கட்டம் போட்டிருந்ததே. அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில் வெற்றிதான் சொன்னான், அவனைக் கோபிக்காதே. "பெரிம்மாவாண்ட நான் சொன்னேன்னு சொல்லாத அண்ணே. பெரிப்பா கவுந்த படகப் புட்சிகினு ரொம்ப நேரம் துண்ட ஆட்டிகினே இருந்துகீறாரு. நம்ம வூட்டுப் பக்கம் பாத்துதான். பாலத்து மேல போன லாரிக்காரன் பாத்துகீறான். யாரையோ கூப்புட்றாருன்னு நென்ச்சிகினு பூட்டான்." மேஸ்திரி சனிக்கிழமை கோடு போட்டுவிட்டு, ஞாயிறு ராயபுரத்தில் உறவுக்காரர் கல்யாணம், திங்கள் உடைக்கிறேன் என்று போனாராம். மாமா போனது அந்த ஞாயிறு. படிக்கட்டையும் சொன்னான். நீ மாடிவரை ஏறாமல் படித் திருப்பத்தில் நின்று பார்க்க வசதியாக இருக்கும் என்றுதான் மாமா வடக்கே மாற்றச் சொன்னாராம். ஏன் அக்கா சொல்லவில்லை? நான் கேட்டேன், "சரி, இருக்கட்டும்" என்று நானே மூடியும் விட்டேன்.

உன் கடிதத்தை அன்றைக்கே படித்தேன். சைட்டிலிருந்து எவன் கேட்டாலும் வாரத்துக்குள் பதில் போடுகிறவன் நான். உனக்குப் போடவில்லை. அக்காதானே, காத்திருப்பாள் என்று நினைத்தேன்.

எதையாவது எழுது. திட்டியாவது எழுது.

குமாரவேல்


சோஹார்
28 டிசம்பர் 2025

அக்கா,

நீலக் கோடு விழுந்துவிட்டது. படித்துவிட்டாய். போன் செய்யலாம் என்று எடுப்பேன், என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்துவிடுவேன்.

புது வேலையில் போட்டிருக்கிறார்கள். இன்று காலை ரோஷன் கரையில் நின்றுகொண்டிருந்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "என்ன சார்?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். கொஞ்ச நேரம் நின்றேன், அப்புறம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பொங்கலுக்கு வருகிறேன். அந்தச் சுவரை என் கையாலேயே உடைக்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுது. அந்த வீட்டை இடிக்கச் சொன்னாலும் இடிக்கிறேன்.

முழங்காலுக்கு மாத்திரை போடுகிறாயா?

குமாரவேல்


காத்திவாக்கம்
11 ஜனவரி 2026

அன்புத் தம்பி குமாருக்கு,

அக்கா எழுதுவது. நான் இருக்கிறேன். மாத்திரை போடுகிறேன். நீ இளைத்துப் போயிருந்தாய், கருமாதி அன்றே பார்த்தேன், சொல்லவில்லை.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருந்தது. ராத்திரி ராத்திரி உன்னைத் திட்டினேன். அதற்கு மேல் என்னைத் திட்டினேன். அன்றைக்குத் தூறல் தம்பி. முழங்கால் மடங்கவில்லை. தினமும் வீட்டைச் சுற்றிப் போய்ப் பார்க்கிறவள் அன்றைக்கு மட்டும் போகவில்லை. நாளைக்குத்தான் ஜன்னல் வருகிறதே என்று நினைத்தேன். உள்ளே மிக்சியில் மசாலா ஓடிக்கொண்டிருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ ஒருத்தனே சுமக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

படியைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்றாய். அவர்தான் வேண்டாம் என்றார். "வுடுமே. அவன் அங்க வெயில்ல கெடக்கறான். நம்ம வேற எதுக்கு அவன ரோதன பண்ணிகினு" என்றார்.

சுவரை உடைக்க நீ வர வேண்டாம். உடைத்தாயிற்று. புத்தாண்டு அன்று அமீருதீன் மேஸ்திரி உளியோடு வந்து வாசலில் நின்றார். எழுத்து இருக்கிறது, உடையுங்கள் என்றேன். மனுஷன் அழுதுகொண்டே உடைத்தார். கூலி வாங்கவில்லை. லிண்டல் நீ வரைந்தபடியே போட்டிருக்கிறது. விரிசல் இல்லை.

எனக்கு இனி எதற்கு ஜன்னல் என்று கெங்கம்மா கேட்டாள். வெற்றி கடலுக்குப் போகிறானே, அவன் அப்பா போகிறாரே என்றேன். காலையில் சமையல் மேடையோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். ஒவ்வொரு படகும் முகத்துவாரம் தாண்டி உள்ளே வரும்வரை பார்க்கிறேன். போன வாரம் வெற்றியின் படகு கொஞ்சம் சாய்ந்தது. நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அவனுக்கு ஒன்றும் இல்லை, வலையை இழுத்துக்கொண்டிருந்தானாம். வந்து என்னைக் கிண்டல் செய்தான். செய்யட்டும். எல்லாப் படகும் வந்த பிறகும் எழுந்திருக்கத் தோன்றுவதில்லை. இன்னும் ஒன்று வர வேண்டியது போலவே இருக்கிறது.

பொங்கலுக்கு வா. ஜன்னலோரம் சோறு போடுகிறேன்.

இன்னா குமாரு, இந்த எழுத்து இன்னாத்துக்குடா நமக்கு. கை வலிக்குது. இனிமே எழுதாத. போன் பண்ணு, ஒன் கொரலு கேக்கணும் போல கீது.

அக்கா